ஐஸ் வேண்டாம்ணே: ஒரு பயாப்ஸி லேப்பைப் பற்றி

போனை எடுத்த பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ப்ளாக்கை ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுவரவா?" என்பதுதான். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐஸ் வேண்டாம்ணே. அது மெழுகுதான். வெயில்ல வைக்காம எடுத்துட்டு வாங்க, போதும்" என்றாள்.

ப்ளாக் என்றால் பயாப்ஸிச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி. நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். இருபது வருடமாகச் சதை என்று எதையும் ஐஸ் இல்லாமல் நகர்த்தியது கிடையாது. என் மூத்திரப்பையில் இருந்து வெட்டி எடுத்த சதையையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

அந்த லேப் மதுரையில் இருக்கிறது. வேறு இடத்தில் எடுத்த பயாப்ஸியை வாங்கி மறுபடி பார்த்துச் சொல்வது அவர்களுடைய முக்கிய வேலை. பெயரைப் போடவில்லை. அவர்களுடைய குறையையும் சொல்லப்போகிறேன், கூடவே வேறு சிலரின் தவறும் கதையில் வருகிறது. யாருக்காவது உதவும் என்றால் அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் உதவும்.

போன மாசியில் ஒருநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. எங்கள் கரையில் இதற்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: சூடு. அத்தை கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார், கம்பெனி வாட்ச்மேன் இளநீர் வெட்டிக் கொடுத்தார், மருந்துக்கடைக்காரர் அஞ்சு நாள் மாத்திரை கொடுத்தார். நின்றது. பங்குனியில் மறுபடி வந்தது, இந்தத் தடவை கட்டி கட்டியாக. அதற்கப்புறம்தான் ஸ்கேன். அந்த ஸ்கேன் சென்டரைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. மூன்று பாட்டில் தண்ணீர் குடிக்கவைத்து, முட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து "இன்னும் ஃபுல் ஆகல சார்" என்று சொல்வதில் எல்லா ஸ்கேன் சென்டரும் ஒரே ஜாதி. பையின் வலது சுவரில் மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

யூராலஜி டாக்டர் முதுகில் ஊசி போட்டு, குழாய் விட்டுப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலும் விழித்துத்தான் இருந்தேன், திரையும் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். "தம்பி, வழக்கமா வர்ற கேன்சர் தண்ணிக்குள்ள பாசி ஆடுற மாதிரி ஆடும். இது அப்படி இல்ல பாருங்க" என்றார். பார்த்தேன். உள்ளே இருந்து எதுவோ தள்ளினாற்போல ஒரு மேடு, வழவழவென்று, உச்சியில் மட்டும் புண். மூத்திரப்பையில் வரும் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உட்புறத் தோலில் முளைப்பவையாம். சுவருக்குள்ளே இருக்கும் தசை, நார், நரம்பு, ரத்தக்குழாய் வகையறாவில் இருந்து கிளம்பும் மென்திசுக் கட்டிகள் மிகவும் அபூர்வம். அதிலும் பல பிரிவு. சாதுவானதில் அதிகம் பார்ப்பது லியோமயோமா. பெரியவர்களுக்கு வரும் சதைப் புற்றில், அதாவது சார்கோமாவில், அதிகம் லியோமயோசார்கோமா என்ற தசைப் புற்று, குழந்தைகளுக்கு என்றால் ராப்டோமயோசார்கோமா. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் திரையில் அந்த மேட்டைக் கரண்ட் கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பதை, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் முதல் கோளாறு. சீவிய துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெளியே நின்ற என் மச்சானிடம் கொடுத்து, "லேப்ல குடுத்துருங்க" என்றார்கள். மச்சான் டப்பாவைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். பார்மலின் அடியில் கொஞ்சம்தான், மேலே கிடந்த துண்டுகள் நனையக்கூட இல்லை. 2018-ல் கேரளாவில் பார்மலின் போட்ட மீன் பிடிபட்டபோது எங்கள் கம்பெனிக்கும் கேள்விமேல் கேள்வி வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் பார்மலின் என்றாலே விஷம். அதனால் கம்மியாக ஊற்றியிருப்பதைப் பார்த்து அவன் நிம்மதிப்பட்டிருக்கிறான். உண்மையில் சதை எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு பார்மலின் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஓரம் காய்ந்துபோகும், சாயம் சரியாக ஏறாது. இதைச் சொல்லிக் கொடுத்தது மதுரை லேப். டப்பா கைக்கு வரும் இடத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

முதல் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. ஸ்பிண்டில் செல் (கதிர்போல நீண்ட செல்) கட்டி, லியோமயோசார்கோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம், தசைக்குள் புகுந்திருக்கிறது. ஒரே பக்கம். யூராலஜி டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் குப்புற வைத்தார். அப்படியே எடுத்துக்கொண்டால் முழுப் பையையும் எடுக்க வேண்டும், வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே பை மாட்ட வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குக் கை கொடுத்தது: "ஒரு பையை எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது. ப்ளாக்கை வாங்கிட்டு மதுரைக்குப் போங்க. பத்து நாள்ல ஒண்ணும் ஓடிப்போகாது."

ப்ளாக் வாங்குவது எளிதாக இல்லை. முதல் லேப்பில் "ஸ்லைடு தர்றோம், ப்ளாக் தர முடியாது" என்றார்கள். கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருப்பது ஏற்கெனவே சாயம் போட்டு முடித்த ஒரு சீவல்தான். புதுச் சோதனைக்குப் புதிதாகச் சீவ வேண்டும், அதற்கு மெழுகுக் கட்டியே வேண்டும். டாக்டரிடம் லெட்டர் வாங்கிக்கொண்டு மறுநாள் போய் நின்றேன். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று ப்ளாக்கைக் கொடுத்தார்கள்.

வாழ்க்கையில் அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் காய்ந்த கூனி இறால் நிறத்தில் நாலைந்து துணுக்கு. ஓரத்தில் பென்சிலால் நம்பர். பேனாவில் எழுதினால் அவர்கள் முக்கி எடுக்கும் திரவங்களில் மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும் என்று அந்த லேப் பையன் சொன்னான். அவனாவது நல்லபடியாகப் பேசினான்.

தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. நாட்டுப்படகு நண்டு மட்டும்தான் வரத்து, லீவு கிடைப்பதில் சிரமம் இல்லை. அக்னி நட்சத்திர வெயில். ராமநாதபுரத்தில் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு பல விஷயத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் மதுரை பஸ் ஏறுவது குறைந்திருக்கிறது. எனக்கு எழுதிக் கொடுத்த பெயர் மதுரையில் இருந்ததால் ஏறினேன். மெழுகு அறுபது டிகிரி பக்கத்தில்தான் உருகும், பஸ்ஸில் அவ்வளவு ஏறாது, மூடிய காருக்குள் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். பரமக்குடியில் ஏறிய ஒரு பெரியவர், "பலகாரமா தம்பி?" என்றார்.

லேப் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதீட்டர் எடுத்துப் பத்து நாள் ஆனவன் படி ஏறும் லட்சணத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் நுழைந்ததும், "கேன்சர் ப்ளாக் கொண்டுவந்தது யாருங்க?" என்று ஒரு பையன் சத்தமாகக் கேட்டான். முப்பது பேர் திரும்பினார்கள். இதற்கு மட்டும் நான் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். டோக்கன் நம்பர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

அப்புறம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், இந்த லேப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான். வேறெங்கும் பெயர், வயது, பணம் மூன்றோடு விட்டுவிட்டார்கள். இதில் கேள்விகள் இப்படி இருந்தன. சிறுநீர் கழிக்கும்போது தலைவலி, படபடப்பு, வியர்வை வருமா? கடந்த மூன்று மாதத்தில் மூத்திரப்பையில் ஏதாவது கருவி விட்டிருக்கிறார்களா? சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து எப்போதாவது எடுத்ததுண்டா? சிறு வயது முதல் தோலில் கட்டிகள், காப்பி நிறத் திட்டுகள் உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிட்டு, இதென்ன ஜோசியமா என்று நினைத்தேன்.

பிறகு பெரிய டாக்டரம்மா விளக்கினார். பாராகாங்கிலியோமா என்று ஒரு கட்டி மூத்திரப்பையில் வரும். அது அட்ரினலின் வகை ரசாயனத்தைச் சுரக்கும். பை சுருங்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிக்கும். தெரியாமல் அதில் கத்தி வைத்தால் மேசையிலேயே ஆபத்து. அதனால் முதலில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து மெட்டாநெஃப்ரின் (அந்த ரசாயனம் சிதைந்து வரும் பொருள்) பார்த்து, அழுத்தத்தை மருந்தால் அடக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். நுண்ணோக்கியிலும் அது ஏமாற்றும். உட்தோல் புற்றுக்கு அடையாளமாகப் பார்க்கும் காட்டா-3 சாயம் அதற்கும் ஏறும். "பேஷண்ட்ட ஒரு வார்த்தை கேட்டா பாதிச் சிக்கல் தீரும், யாரும் கேக்குறதில்ல" என்றார். மற்ற கேள்விகளுக்கும் காரணம் இருந்தது. அறுவை நடந்த இடத்தில் சில வாரத்தில் ஆறும் சதையே கட்டிபோலத் திரண்டு சார்கோமா வேஷம் போடும். சைக்ளோபாஸ்பமைடு எடுத்தவர்களுக்குப் பல வருடம் கழித்து லியோமயோசார்கோமா வந்ததுண்டு. தோல் திட்டு இருந்தால் நரம்பு உறைக் கட்டியை யோசிக்க வேண்டும்.

நண்டில் ஒரு விஷயம் உண்டு. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்வைக்குப் பெரிது, எடையும் நிற்கும், உள்ளே தண்ணீர்தான். வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அமுக்கினால் தெரிந்துவிடும். புதுப் பையன்கள் அமுக்காமல் முதல் தரத்தில் போடுவார்கள். எனக்குப் பிடித்த பையன், சந்தேகம் வந்தால் தனிக் கூடையில் ஒதுக்கிவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவன்தான். டாக்டரம்மா என் ஸ்லைடை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இப்ப என்னால பேர் வைக்க முடியல. ஆறு சாயம் போடணும்" என்றபோது எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வந்தது.

கேட்டதும் காட்டினார். நுண்ணோக்கியின் படம் பக்கத்தில் ஒரு திரையில் விழுகிறது. ரோஸ் நிறத்தில் ஒரு பரப்பு, அதில் ஊதாவில் நீள நீளமாகச் செல்கள், நடுவில் தடித்து இரு முனையும் கூராக. சூடை மீன் கூட்டம் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். அவர் ரசித்தார். "லியோமயோசார்கோமான்னா உங்க மீன் கூட்டம் நெருக்கமா, கட்டுக்கட்டா, ஒண்ணை ஒண்ணு குறுக்கா வெட்டிட்டுப் போகும். இங்க பாருங்க, தண்ணியா ஒரு இடம், அதுல தளர்வா மிதக்குது. நடுவுல புள்ளி புள்ளியா இருக்கே, அதெல்லாம் அழற்சி செல்." செல்கள் பிளவுபடுவதும் தெரிகிறதாம், ஆனால் கோணல்மாணலான பிளவு இல்லை. தசைக்குள் புகுந்திருப்பது உண்மை, அதை மட்டும் வைத்துக் கெட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது என்றார். ஓரங்கள் கம்பி பட்டுக் கருகியும், காய்ந்தும் இருந்ததால் மூன்றில் இரண்டாவது ப்ளாக்கைத் தேர்ந்தெடுத்தார்.

ப்ளாக்கை மூன்று, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஒரு எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். தேடும் புரதம் அங்கே இருந்தால் பழுப்பு நிறம் பிடிக்கும். எஸ்.எம்.ஏ., டெஸ்மின், கால்டெஸ்மான், கெராட்டின், எஸ்-100, ஏ.எல்.கே. என்று ஆறு. ஐந்து நாளில் முடிவு வந்தது, சொன்ன தேதிக்கே. எஸ்.எம்.ஏ. பழுப்பு. அது தசைப் புற்றிலும் ஏறும், டாக்டரம்மா சந்தேகப்பட்ட வேறொரு கட்டியிலும் ஏறும், அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. டெஸ்மின் அங்கங்கே. கால்டெஸ்மான் ஏறவில்லை. தசைப் புற்றென்றால் பெரும்பாலும் ஏறியிருக்கும். கெராட்டின் ஏறியிருந்தது. இணையத்தில் பார்த்து, கெராட்டின் என்றால் உட்தோல் புற்று என்று பயந்து போன் செய்தேன். மூத்திரப்பையில் வரும் இந்த வகையில் கெராட்டினும் ஏறும், அதில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார்கள். கடைசியாக ஏ.எல்.கே., நல்ல பழுப்பு.

பெயர் வந்துவிட்டது: இன்ஃப்ளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் ட்யூமர். சுருக்கமாக ஐ.எம்.டி. சார்கோமா மாதிரி முகம், குணம் அப்படி இல்லை. திரும்ப வரலாம், வேறு இடத்துக்குப் பரவுவது அரிது. "ஏ.எல்.கே. ஏறாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். "அப்பவும் இது இல்லன்னு சொல்ல முடியாது. மூத்திரப்பையில பாதிக்குச் சற்று மேலதான் ஏறும். இன்னும் ரெண்டு நாள் மண்டையை உடைச்சிருப்பேன்" என்றார்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை எழுதினார்கள். அதன் பெயர் ஃபிஷ். வரவேற்பில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு ஃபிஷ் டெஸ்ட்" என்றபோது, எனக்குமா என்று சிரித்துவிட்டேன். ஃப்ளூரசன்ஸ் இன் சைட்டு ஹைப்ரிடைசேஷன் என்பதன் சுருக்கம். இரண்டாம் குரோமோசோமில் அந்த ஏ.எல்.கே. மரபணுவின் ஒரு பக்கம் சிவப்பு விளக்கும் மறுபக்கம் பச்சை விளக்கும் ஏற்றிப் பார்க்கிறார்கள். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். உடைந்திருந்தால் பிரிந்துபோகும். படத்தைக் காட்டியபோது புரிந்துகொள்ள எனக்கு நேரமே ஆகவில்லை. படகில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு படகு. என் செல்களில் சிவப்பு ஒரு மூலையிலும் பச்சை வேறு மூலையிலும் கிடந்தது.

கட்டணம்: மறுபார்வைக்கு 1,500, ஆறு சாயத்துக்கு 7,200, ஃபிஷ்ஷுக்கு 9,500. காப்பீட்டில் வராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், கையில் இருந்துதான் கட்டினேன். ஃபிஷ்ஷை வெளியூருக்கு அனுப்பினார்கள், ஏழு நாள் என்றது பத்து நாள் ஆனது. நடுவில் இரண்டு தடவை நானாகப் போன் செய்துதான் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். கீழே தமிழில் நாலு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? டாக்டரம்மா வாயால் சொன்னதையெல்லாம் நான் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. முதல் ரிப்போர்ட் ஏன் அப்படிச் சொன்னது, அதில் எது சரி, எதனால் பெயர் மாறுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். முதல் லேப்பைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை இல்லை. யூராலஜி டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

முழுப் பைக்குப் பதிலாக வலது சுவரில் கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டித் தைத்தார்கள். வெட்டிய சதையையும் அதே லேப்புக்கு அனுப்பச் சொன்னேன். இந்த முறை டப்பா நிறையப் பார்மலின் இருக்கிறதா என்று மச்சான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினான். அதே பெயர், ஓரங்களில் மிச்சம் இல்லை என்று வந்தது. வெட்ட முடியாத இடத்தில் இருந்திருந்தால் கிரிசோடினிப் என்று ஏ.எல்.கே.யை அடக்கும் மருந்து இருக்கிறதாம், அமெரிக்காவில் 2022-ல் இந்தக் கட்டிக்கு அனுமதித்திருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்த்ததில் சுத்தம். ஆவணியில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். முன்பைவிட அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். போகிறவர்கள் ப்ளாக், ஸ்லைடு, ஸ்கேன் படம், முதல் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஸ்லைடு மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் ப்ளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது. லேப்பில் மாலை நாலு மணிக்குமேல் ப்ளாக் வாங்குவதில்லை.

இன்னொன்று. மூத்திரப்பைக்காரர்கள் இத்தனை பேர் வருகிற இடத்தில் கழிப்பறை மேலே கிடையாது, கீழ்த்தளத்தில்தான், அதுவும் பூட்டியே இருக்கும். முதல் நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாவி வாசலில் இருக்கிற டீக்கடையில் தொங்குகிறது. டீ குடிக்காவிட்டாலும் கொடுப்பார்.